ஆறு பணப்பைகளும் ஒரு வீடும்

சீனாவில் இளம் தம்பதியர் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசும்போது "ஆறு பணப்பைகள்" என்ற சொல் அடிபடுவது வழக்கம். கணவனின் பெற்றோர், அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி என்று மூன்று பைகள். மனைவியின் பக்கமும் அதேபோல் மூன்று. இந்த ஆறும் திறந்தால்தான் ஒரு வீட்டுக்கு முன்பணம் சேரும் என்பது இதன் பொருள். 2018ல் பொருளாதார அறிஞர் ஃபான் காங் தொலைக்காட்சியில் இப்படிச் சொன்னபோது பெரும் விவாதம் கிளம்பியது. இத்தனைக்கும் 1998க்கு முன் சீன நகரவாசிகளில் பெரும்பாலோருக்கு முன்பணம் கட்டவேண்டிய தேவையே இருந்ததில்லை.

1949க்குப் பிறகு நகரத் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது அவர் வேலை பார்த்த இடத்தின் பொறுப்பாக இருந்தது. "தான்வெய்" எனப்படும் அந்தப் பணியிடமே வேலை, மருத்துவம், வீடு எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டது. வாடகை பெயரளவுக்குத்தான். ஆனால் வீடுகள் போதவில்லை. திருமணமான பிறகும் பெற்றோருடன் ஒரே அறையில் காலம் தள்ளியவர்கள் பலர். வீடு கட்டும் செலவு பணியிடங்களுக்கும் சுமையாயிற்று.

1988ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. நகர நிலம் அரசுடையதாகவே இருந்தாலும், அதைப் பயன்படுத்தும் உரிமையைக் கைமாற்ற வழி பிறந்தது. குடியிருப்பு நிலத்துக்கு இந்த உரிமை 70 ஆண்டுகள். 1991ல் ஷாங்காய் நகரம் சிங்கப்பூரின் மத்திய சேமநிதியை முன்மாதிரியாகக் கொண்டு வீட்டுச் சேமநிதியைத் தொடங்கியது. 1998ல் பிரதமர் ஷு ரோங்ஜியின் அரசு, தான்வெய் வீடு ஒதுக்கும் முறையையே நிறுத்தியது. ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு அவ்வீடுகள் சந்தை விலையைவிட மிகக் குறைவாக விற்கப்பட்டன.

கதையின் முடிச்சு இங்குதான் விழுகிறது. பெற்றோர் தலைமுறைக்கு மலிவாக ஒரு சொத்து கிடைத்தது. பிள்ளைகள் தலைமுறை சந்தை விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. விலை ஏற ஏற, பழைய வீட்டை விற்றோ சேமிப்பை எடுத்தோ பெற்றோர் உதவினார்கள். ஆனால் கிராமத்துப் பெற்றோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களுடைய நிலம் கூட்டுடைமை. அதை நகரத்தாருக்கு விற்க முடியாது. நகரத்துக்கு வேலைக்குப் போன மகனுக்கு அவர்கள் கொடுத்தது உழைத்துச் சேர்த்த பணம் மட்டுமே.

1980ல் வந்த ஒரு குழந்தைக் கொள்கையும் இதோடு சேர்ந்துகொண்டது. அது 2016ல்தான் முடிவுக்கு வந்தது. ஒரே பிள்ளை என்பதால் சேமிப்பு முழுவதும் அந்தப் பிள்ளைக்கே போனது. ஆண் குழந்தை விருப்பத்தால் பெண்கள் எண்ணிக்கையும் குறைந்தது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 118 ஆண் குழந்தைகள் பிறந்தன. வீடு இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் கிடைப்பது கடினமாயிற்று. இந்தப் போட்டியால் மகன் உள்ள குடும்பங்கள் அதிகம் சேமித்தன என்று ஷாங்ஜின் வெய், ஷியாவ்போ ஜாங் இருவரும் 2011ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள்.

அரசின் விதிகளும் பையின் கனத்தைக் கூட்டின. விலையேற்றத்தைத் தடுக்க, 2010ல் முதல் வீட்டுக்கே குறைந்தபட்ச முன்பணம் 30 சதவீதம் ஆக்கப்பட்டது. சம்பளத்தை மட்டும் நம்பிய இளைஞர்களுக்கு அது எட்டாத தொகை. எனவே மீண்டும் பெற்றோரிடமே போக வேண்டியிருந்தது.

பெற்றோர் பணம் போட்டால் வீடு யாருடையது என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் வந்தது. திருமணத்துக்குப் பின் ஒரு தரப்புப் பெற்றோர் வாங்கித் தம் பிள்ளை பெயரில் பதிவு செய்த வீடு, அந்தப் பிள்ளைக்கு மட்டுமான பரிசு என்று உச்ச மக்கள் நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டாரே வீடு வாங்கியதால் இதில் பாதிக்கப்பட்டவர்கள் பெண்களே. தவணை கட்டவும் வீட்டை அழகாக்கவும் பணம் போட்ட மனைவியின் பெயர் பல பத்திரங்களில் இல்லை. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விளக்கம், திருமணம் நீடித்த காலம், குழந்தைகள் போன்றவற்றையும் பார்த்து மறுதரப்புக்கு இழப்பீடு முடிவு செய்யச் சொல்கிறது.

சீனாவில் புது வீடுகள் பெரும்பாலும் கட்டி முடியும் முன்பே விற்கப்பட்டன. 2021ல் எவர்கிராண்ட் நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் தடுமாறியது. மற்ற நிறுவனங்களும் சரிந்தன. 2022ல் பல நகரங்களில் பாதியில் நின்ற வீடுகளுக்குத் தவணை கட்ட மாட்டோம் என்று மக்கள் அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் எவர்கிராண்டைக் கலைக்க ஹாங்காங் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு அரசு குறைந்தபட்ச முன்பணத்தை 15 சதவீதமாகக் குறைத்தது.

பாதியில் நின்ற அந்தக் கட்டடங்களில் முடங்கியது பிள்ளைகளின் பணம் மட்டும் அல்ல. தாத்தா பாட்டியின் மருத்துவச் செலவுக்கும் பெற்றோரின் முதுமைக்கும் வைத்திருந்த சேமிப்பும் அதில் இருந்தது. ஆறு பைகளும் ஒரே வீட்டில் காலியான பிறகு, கஷ்டகாலத்தில் திறக்க ஏழாவது பை யாரிடமும் இல்லை.