ஊத்தங்கரையில் ஒரு குழாய் ஆர்கன்

வீட்டுக் கணினியில் குழாய் ஆர்கன் என்றதும், கீபோர்டில் இருக்கும் 'சர்ச் ஆர்கன்' பொத்தானைத்தான் பலரும் நினைப்பாங்க. இது வேறு. ஒரு தேவாலயத்தில் நிற்கும் ஆர்கனின் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாக ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். காற்று ஏறும் நொடி, நீளும் ஒலி, விரலை எடுத்தபின் மண்டபத்தில் கரையும் எதிரொலி எல்லாம் அதில் உண்டு. 2002இல் வந்த ஹாப்ட்வெர்க் இந்த வழியைப் பிரபலமாக்கியது. நான் போட்டிருப்பது காசில்லாத கிராண்ட்ஆர்கன். ஏற்றியிருப்பது வட ஸ்வீடனின் பூரெயோ தேவாலய ஆர்கன். ஒலிக்கோப்புகள் எல்லாம் ராமில் போய் உட்காருவதால் ராம் தாராளமாக வேண்டும். கட்டையை அழுத்திக் கொஞ்சம் கழித்துச் சத்தம் வந்தால் வாசிக்கவே முடியாது. ஆசியோ டிரைவர் போட்டதும் அது சரியாச்சு.

என்னை யோசிக்க வைத்தது அதிலிருந்த சுருதிப் பட்டியல்தான்.

சென்னை எழும்பூர் ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்தில் 1883இல் வைத்த குழாய் ஆர்கன், இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பீட்டர் கோனாகர் கம்பெனி செய்தது. (அதை யாராவது குழாய் குழாயாகப் பதிவு செய்தால் முதல் ஆளாக இறக்கிக்கொள்வேன்.) அந்த மாதிரி ஆர்கன் சுவரோடு சுவராக நிற்பது, ஊர் ஊராகப் போகாது. போனது அதன் சின்னத் தம்பி. பாரிஸில் அலெக்சாந்தர் துபேன் 1842இல் காப்புரிமை வாங்கிய ஆர்மோனியம், குழாய் இல்லாமல் உலோக நாக்கால் பேசுவது. கல்கத்தாவில் கால் துருத்தி கைத்துருத்தியாக மாறியதும் தரையில் உட்கார்ந்து வாசிக்கிற பெட்டி ஆனது. நாடகக் கம்பெனிகளோடு ஊர் சுற்றியது. எங்கள் பக்கத் தெருக்கூத்தில் பெட்டிக்காரர் இல்லாமல் ஆகாது.

கச்சேரி உலகம் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. தளர்ந்தது 1971 வாக்கில். சொன்ன குறைகள் இரண்டு: கமகம் வராது, சுரங்கள் சுத்தமாக இல்லை. வேடிக்கை என்னன்னா, பெட்டியை ஒதுக்கிய பாடகர்களும் தங்கள் சுருதியை 'ஒரு கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்று அந்தப் பெட்டியின் கட்டையை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவது குறை உண்மை. சம சுருதியில் ஸ்தாயியை 1200 சென்ட்டாகக் கணக்கு வைத்துப் பன்னிரண்டு சமபாகம் போடுகிறோம். அந்தர காந்தாரம் 400இல் விழும். இயற்கையாக இருக்கவேண்டிய இடம் 386. தம்புராவோடு வாசித்தால் 14 சென்ட் வித்தியாசம் காதில் உறுத்தும். நிஜ ஆர்கனில் இதை மாற்றக் குழாய் குழாயாக மீட்டவேண்டும். கிராண்ட்ஆர்கனில் ஒரு மெனு போதும். ஐரோப்பாவே பின்னால் கைவிட்ட கால்-காமா மீன்டோன் முறையைத் தேர்ந்தெடுத்தேன். காந்தாரம் 386இல் வந்து உட்கார்ந்தது. ஆனால் 702இல் நிற்கவேண்டிய பஞ்சமம் 697க்கு நழுவியது. பன்னிரண்டே கட்டையில் எல்லாம் சேராது. ஐரோப்பியர்கள் நூற்றாண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியதும் இதோடுதான்.

முதல் குறை அப்படியே இருக்கிறது. குழாய் ஒரே சுரத்தில் நிற்கும், அசையாது.

இப்போதைக்குச் சரளி வரிசையை மீன்டோனில் வாசிக்கிறேன். கூத்துப் பாட்டுக்குச் சம சுருதிதான். நாம் கேட்டு வளர்ந்த பெட்டி அப்படித்தானே ஒலிக்கும்.