தமிழில் உடலியங்கியல் கல்வி: கிறீனின் மானிப்பாய் முயற்சி

1. முன்னுரை

மனித உடலின் இயக்கத்தை ஆராயும் துறையை இன்று தமிழகத்தார் உடலியங்கியல் என்றும், ஈழத்தார் உடற்றொழிலியல் என்றும் வழங்குகின்றனர். இச்சொற்களுக்கு முன்னரே இத்துறை தமிழில் 'சுகரணம்' என்னும் பெயரோடு கற்பிக்கப்பட்டது. அப்பெயர் வழக்கிறந்ததற்கான காரணம் மொழிபெயர்ப்பாளர் ஆராயத்தக்கது.

2. தமிழ்வழி மாற்றம்

அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலமே பயிற்று மொழி. ஆங்கிலம் கற்றவர்கள் அரசுப் பணியை நாடிப் பிற ஊர்களுக்குச் செல்ல, கிராமங்கள் மருத்துவரின்றி நின்றன. ஊரிலேயே தங்கும் மருத்துவரை உருவாக்கும் நோக்குடன் 1864 முதல் தமிழே பயிற்று மொழியாயிற்று.

3. நூல்களும் சொற்களும்

கற்றரின் நூல் 1850களிலேயே 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' எனத் தமிழாகியிருந்தது. கிரேயின் நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என 1872-இலும், டால்ட்டனின் நூல் 'மனுஷ சுகரணம்' என 1883-இலும் வெளிவந்தன. 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும் கிறீன் இப்பணியைக் கைவிடவில்லை. மாணவர் பலர் மொழிபெயர்ப்பில் துணைநின்றனர்.

தமிழில் வழங்கும் சொல்லை முதற்கண் தேடுதல், அது கிட்டாவிடின் வடசொல்லை ஏற்றல், அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இயைய எழுதுதல் என்பது அவர் நெறி. 1875-இல் வந்த 'கெமிஸ்தம்' மூன்றாம் வகைக்குச் சான்று. சுகரணம் இரண்டாம் வகையது. கருவி, செயல் ஆகிய பொருள்களையுடைய 'கரணம்', அந்தக்கரணம் என்னும் சைவ சித்தாந்த வழக்கால் யாழ்ப்பாணத்தார்க்கு அறிமுகமானதே. ஆகவே வடசொல்லாயினும் அது கற்போர்க்கு முற்றிலும் அயலானதன்று எனலாம்.

4. வழக்கிழப்பு

சுகரணம் மறைந்ததற்கு வடமொழிச் சார்பு மட்டும் காரணமாகாது. இரசாயனம் என்னும் வடசொல் ஈழத்துப் பாடநூல்களில் நிலைத்துள்ளது. 1870-இல் கொழும்பில் தோன்றிய மருத்துவப் பள்ளி ஆங்கில வழியது. அரசு ஏற்பும் பணி வாய்ப்பும் அவ்வழியிலேயே அமைந்தன. கிறீனுக்குப் பின் தமிழ்வழிக் கல்வி தொடராமையால் நூல்கள் மாணவரை இழந்தன. சொற்கள் வாயை இழந்தன. பின்வந்த கலைச்சொல்லாக்கம் 'உடல்' என்னும் அடிச்சொல்லினின்று புதிதாகத் தொடங்கியது.

5. முடிவுரை

உடற்றொழிலியல், உடலியங்கியல் ஆகியவை சுகரணத்தினும் பொருள் தெளிவு மிக்கவை. பள்ளிப் பாடநூல்களால் பரவியவை. எனினும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978-இல் தொடங்கிய மருத்துவ பீடம் உட்பட, தமிழகத்திலும் இலங்கையிலும் மருத்துவப் பட்டக்கல்வி ஆங்கில வழியிலேயே நடைபெறுகின்றது. சொல்லின் செப்பம் அதற்கு வாழ்வளிப்பதில்லை. வகுப்பறையும் தேர்வும் பணியிடமும் அதனைக் கையாளும்போதே அது நிலைபெறும். மானிப்பாய் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.