கசவுக் கரையில் காவிரி

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு வாய்த்த நட்டுவனார்களில் ஒருவர் சுப்பராயன். அவருக்கு நான்கு பிள்ளைகள்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. கடைக்குட்டி வடிவேலு பிறந்தது 1810இல். நால்வரும் முத்துசுவாமி தீட்சிதரிடம் பாட்டுக் கற்றார்கள், சரபோஜி மன்னரின் அவையில் பெயர் வாங்கினார்கள். அப்போது சதிர் என்று வழங்கிய ஆட்டத்தில் உருப்படிகள் ஏராளம். எதை முதலில் ஆடுவது, எதில் முடிப்பது என்பதற்குத்தான் திட்டமான ஏற்பாடு இல்லை. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று பூத்தொடுப்பது போல அவற்றைத் தொடுத்தவர்கள் இந்த நால்வர். அப்படித் தொடுத்தவர்களாலேயே தஞ்சையில் நிம்மதியாக இருக்க முடியாமல் போயிற்று.

அரண்மனையோடு மனக்கசப்பு. மானம் பெரிதென்று அண்ணன் தம்பிகள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். தஞ்சைக்கு அது பெரிய இழப்பு. தெற்கே, மலைக்கு அந்தப் பக்கம், இப்படி ஒருவர் வரமாட்டாரா என்று ஓர் இளைஞர் காத்திருந்தார்.

அவர் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள். 1813இல் பிறந்தவர். தாயின் வயிற்றில் இருக்கும்போதே அரியணை அவருக்கென்று முடிவாகிவிட்டதால் ‘கர்ப்ப ஸ்ரீமான்’ என்று பெயர். தொட்டிலில் கிடந்த அவருக்காக இரயிம்மன் தம்பி எழுதிய தாலாட்டை மலையாளத் தாய்மார்கள் இன்றும் பாடுகிறார்கள். பிள்ளைப் பருவத்தில் அவருக்கு ஆசானாக வாய்த்தவரோ தஞ்சாவூர்க்காரரான சுப்பாராவ். 1829இல், பதினாறு வயதில், ஆட்சி அவர் கைக்கு வந்தது. வடிவேலு திருவனந்தபுரம் அரண்மனையில் நுழைந்தபோது கையில் அந்தக் காலத்துக்குப் புதுமையான ஒரு வாத்தியம் இருந்தது. வெள்ளைக்காரர்களோடு வந்த பிடில்! அதை நம்முடைய பாட்டுக்குப் பழக்கிய முதல் தலைமுறைக் கலைஞர்களில் அவர் ஒருவர். வாசிப்பைக் கேட்டுச் சொக்கிப்போன மன்னர் 1834இல் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடிலையே பரிசளித்தார். கொடுத்தவருக்கு வயது 21, வாங்கியவருக்கு 24. சேர்ந்து வேலை செய்ய இதைவிட நல்ல வயது எது? வேலையும் காத்திருந்தது.

அந்த நாட்டில் பெண்கள் ஆடும் ஓர் ஆட்டம் வெகுநாளாக உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் குஞ்சன் நம்பியார் தம் துள்ளல் பாட்டிலேயே அதைக் குறிப்பிட்டிருக்கிறார். சதிரில் பாதம் தரையில் ‘தட்’டென்று விழும், கை நேர்கோடாக நீளும். இந்த ஆட்டத்தில் அப்படி வெடுக்கென்று எதுவும் இல்லை. முழங்கால் மடிந்த நிலையில் இடுப்புக்கு மேல் உடம்பு மெல்ல வட்டமிடும், கையும் கண்ணும் அந்த வட்டத்தோடேயே போகும். கதிர் சாய்ந்த வயலில் காற்று நடப்பது மாதிரி. வடிவேலு அந்த நடையைக் கெடுக்கவில்லை. அவருடைய மேதைமை அங்கேதான் இருக்கிறது என்பேன். தஞ்சாவூர் வரிசையை மட்டும் அதற்குக் கொடுத்தார். அலாரிப்பு இருந்த இடத்தில் சொற்கட்டு வந்தது. மலையாளத்தில் ‘சொல்கெட்டு’ என்பார்கள். பின்னால் ஜதிஸ்வரம், வர்ணம், பதம், தில்லானா. மன்னரும் இரயிம்மன் தம்பியும் பதங்களை எழுதிக் குவித்தார்கள். எல்லாம் கூடிவந்த நேரத்தில் இடி விழுந்தது.

1846இல், 33ஆம் வயதில், சுவாதித் திருநாள் மறைந்தார். அடுத்து வந்த உத்திரம் திருநாளுக்கு உயிர் கதகளி. பெண்களின் ஆட்டம் அரண்மனை வாசலைத் தாண்டி வெளியே வந்தது, பிழைப்புக்காகப் படியிறங்கியது. ‘மூக்குத்தி’ என்று ஓர் உருப்படி. ஆடுகிறவள் மூக்குத்தியைத் தொலைத்ததாகப் பாவனை செய்து, பார்க்க வந்த ஆண்களிடையே புகுந்து தேடுவாள். ‘சந்தனம்’ என்று இன்னொன்று. அவர்களுக்குச் சந்தனம் பூசிவிடுவது. வர்ணம் ஆடிய கால்களுக்கு இந்தக் கதி! இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, இதை ஆடுகிறேன் என்று சொல்லவே பெண்கள் கூசினார்கள்.

அப்போது கைகொடுத்தது ஒரு லாட்டரி. மகாகவி வள்ளத்தோளும் முகுந்தராஜாவும் லாட்டரிச் சீட்டு விற்றுச் சேர்த்த பணத்தில் 1930இல் கேரள கலாமண்டலத்தைத் தொடங்கினார்கள். முதல் கவலை கதகளிதான். பிறகு இந்த ஆட்டத்துக்கும் ஆசிரியை தேடி, கல்யாணி அம்மாவைக் கண்டுபிடித்தார்கள். ஆசிரியை கிடைத்தும் பிள்ளைகளை அனுப்பத்தான் ஆளில்லை. வகுப்பு நின்றது, மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது. இடையில் முதிய நட்டுவனார் கிருஷ்ண பணிக்கரிடம் கற்க வந்த ஒரு பெண் மட்டும் விடவில்லை. கலாமண்டலம் கல்யாணிக்குட்டி அம்மா. சிதறிக் கிடந்த அடவுகளையும் உருப்படிகளையும் தேடிச் சேர்த்து, ஆடி, கற்பித்து, புத்தகமாகவும் எழுதி, 1999இல் மறையும்வரை அதுவே வாழ்க்கையாக இருந்தார்.

விடுமுறைக்குக் கொச்சிக்கோ கோவளத்துக்கோ போகும் தமிழ்க் குடும்பங்கள் மாலையில் ஏதாவது ஓர் அரங்கில் அந்த ஆட்டத்தைப் பார்க்கலாம். வெள்ளை உடையில் பொன் கசவுக் கரை, பக்கவாட்டில் கொண்டை, அதைச் சுற்றி மல்லிகை. மோகினியாட்டம். அசல் மலையாள மண்ணின் சொத்து என்று சுற்றுலாக் கையேடுகள் அறிமுகப்படுத்துகின்றன. நடையைப் பொறுத்தவரை அது உண்மைதான். மேடையோரத்தில் இடைக்கா என்ற தாள வாத்தியத்துக்குப் பக்கத்தில் பிடிலும் இருக்கும். கச்சேரி சொல்கெட்டில் தொடங்கும். கடைசி உருப்படி பெரும்பாலும் தில்லானா, தஞ்சாவூர் நால்வர் அதை வைத்த அதே இடத்தில்.