சூளை தந்த அணி

தங்கம் வாங்க முடியாதவர் அணிந்ததே சுடுமண் நகை என்று நினைப்பவர்கள் உண்டு. அகழாய்வுச் சான்றுகள் அதற்கு முழுதாக இடங்கொடுப்பதில்லை. மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில், 2015இல் தொடங்கிய அகழாய்வுகளில் பொன் அணிகலன், கண்ணாடி மணி, சங்கு வளையல், சுடுமண் மணி எல்லாமே ஒரே குடியிருப்பில் கிடைத்தன. பொன் ஒரு வீட்டிலும் மண் வேறொரு வீட்டிலும் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஒரே ஊரில் கிடைத்ததாலேயே ஒரே கழுத்தில் கிடந்தது என்று ஆகிவிடாது. ஆனால் மலிவு ஒன்றே காரணமென்றால் பூவும் விதையும் போதுமே! களிமண்ணைப் பிசைந்து, ஈரம் காயுமுன் துளையிட்டு, நிழலில் உலர்த்தி, விரிசல் விடாமல் சுட்டெடுக்கச் சூளையறிந்த கை வேண்டும். காற்று நன்றாகப் புகுந்தால் சிவப்பு, புகையை உள்ளே அடைத்தால் கறுப்பு. கறுப்பு சிவப்புப் பானை வனைந்தவர்கள் நன்கறிந்த நுட்பம் அது.

இன்றைய சுடுமண் ஜிமிக்கி கீழடியின் சுடுமண் மணிக்கு நேர் வாரிசு அல்ல. அதன் வடிவம் பொன் நகையைப் பார்த்துச் செய்தது. மேலே பூசும் அக்ரிலிக் வண்ணம் நம் காலத்தது. ஆகவே அதை ஈராயிரம் ஆண்டு மரபு என்று விற்பது மிகை. தொடர்ந்து வருவது வடிவமல்ல, மண்ணைச் சுடும் அறிவு. அதனால்தான் பூச்சில்லாமல் சூளை நிறத்தோடு வரும் தோட்டுக்கே கூடுதல் விலை தகும் என்கிறேன்.