சட்டாம்பிள்ளையும் துணை விமானியும்

சிமுலேட்டரில் பயிற்சி தருபவர் கேப்டனாகத்தான் இருக்க வேண்டுமா, துணை விமானியும் தரலாமா? ஆவடியை அடுத்த வெள்ளானூர்ப் பக்கம் வானூர்திப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இன்றைய கேள்வியாகப் படும். திண்ணைப் பள்ளிக்கு இது பழைய கேள்வி. கற்று முடிக்காத ஒருவன் கற்பிக்கலாமா? அப்படிக் கற்பித்தவனைத்தான் சட்டாம்பிள்ளை என்றோம்.

இதைப் பேச வருபவர் வரலாற்றாய்வாளர் தரம்பாலைத் தாண்டிப் போக முடியாது. 'அழகிய மரம்' என்று தமிழில் அறியப்படும் அவருடைய 1983ஆம் ஆண்டு நூல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை இங்கிலாந்து நம்மிடமிருந்து பெற்றது என்கிறது. அந்த நூல் செய்த தொண்டு பெரிது. ஆயினும் இந்த இடத்தில் நான் அவரோடு மாறுபடுகிறேன். அவர் எடுத்துக்காட்டும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் வாக்கரின் குறிப்பு, மாணவர் ஒருவரையொருவர் மேற்பார்ப்பதையும் மணலில் எழுதுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. தரம்பால் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை.

அவிழ்த்தால் என்ன தெரிகிறது? எழும்பூர் ஆண் அநாதைகள் காப்பகத்தில் 1789 முதல் பொறுப்பிலிருந்து, பின்னர் அந்த முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற ஆண்ட்ரூ பெல், 'மலபார்ப்' பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அன்றைய சென்னை ஆங்கிலத்தில் மலபார் என்றால் தமிழ். கேரளக் கரையைத் தேடிப் போக வேண்டியதில்லை. அந்த வழக்கத்தைத் தம் பள்ளிக்குக் கொண்டுவர முயன்றபோது, கீழ்வகுப்பு ஆசிரியரால் ஆகவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். 1797இல் அச்சான பெல்லின் அறிக்கையைக் கொண்டு பார்த்தால், கடன் வாங்கியது மணலை. சிறுவனிடம் வகுப்பை விட்டது ஆசிரியர் கைவிட்டதால் வந்த ஏற்பாடு. பெல் நம் சட்டாம்பிள்ளையையும் பார்த்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டாம்பிள்ளை முறை சொல்லவைத்தான், பாடம் ஒப்பித்ததைக் கேட்டான், ஒழுங்கு காத்தான். திண்ணைப் பள்ளி ஆசிரியரான அண்ணாவியின் இடத்தில் அவன் உட்காரவில்லை.

சட்டாம்பிள்ளை என்ற சொல்லிலேயே ஒரு தடயம் இருக்கிறது. சட்டம் என்னும் விதியோடு அதை முடிச்சுப் போடுவது எளிது. எனக்கு அதில் நிறைவில்லை. ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு (கி.பி. 866), காந்தளூர்ச் சாலையின் முறைமைப்படி தொண்ணூற்றைந்து 'சட்டர்'களுக்கு ஒரு சாலை, அதாவது கல்விக்கூடம், அமைத்ததைச் சொல்கிறது. சட்டர் என்பது 'சாத்ர' என்னும் வடசொல்லின் திரிபு, மாணவர் என்று பொருள். இலக்கணம் முதலியவற்றில் முன்பே தேர்ந்தவர்களுக்கே அங்கே இடம். அதாவது அவர்கள் கற்றவர்கள், ஆனால் கற்று முடியாதவர்கள். மலையாளத்தில் சட்டம்பி என்பது வகுப்புத் தலைவனைக் குறித்தது. சட்டம்பி சுவாமிகளின் பெயரே அப்படி வந்ததுதான். சட்டர், சட்டம்பி, சட்டாம்பிள்ளை மூன்றும் ஒரே கொடி என்பது என் துணிபு. மாணவன் என்ற பொருள் மேற்பார்க்கும் மாணவனாக எந்த நூற்றாண்டில் திரும்பியது என்பதற்கு ஆண்டு குறிக்க நான் முற்படவில்லை. ஆனால் கற்பவனுக்கும் கற்பிப்பவனுக்கும் நடுவே ஒரு படி இருந்தது என்பதை இந்தச் சொல் விடாமல் சுமந்து வந்திருக்கிறது.

துணை விமானி நிற்பதும் அந்தப் படியில்தான். ஐரோப்பிய விதிகள் சிமுலேட்டர் பயிற்றுநராக, பல விமானிகள் சேர்ந்து ஓட்டும் விமானங்களில் விமானியாக 1500 மணி நேரம் பறந்திருக்கக் கேட்கின்றன. கேப்டன் பதவியைக் கேட்கவில்லை. கற்பித்தல் தனிக் கலை என்பதற்குத் தாம்பரத்தில் 1954 முதல் இயங்கும் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளியே சான்று. எந்த விசை எப்போது, எந்தச் சரிபார்ப்பு யார் வாயிலிருந்து என்பதை அண்மையில் பழகியவர், பழகுபவர் எங்கே தடுமாறுவார் என்பதை நன்கு அறிவார். பிரிஸ்கன் வென்றதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் கேப்டனின் இடப்பக்க இருக்கையில் முடிவெடுக்கும் பொறுப்பை, அதைச் சுமந்திராதவர் கற்றுத்தர இயலாது.

ஆகவே துணை விமானி சிமுலேட்டரில் பாடம் சொல்லலாம். கேப்டன் பதவிக்கான பயிற்சியும் தேர்ச்சிக் கையெழுத்தும் கேப்டனிடமே இருக்க வேண்டும்.