நெய்யாற்றின்கரைக்கு ஒரு விதிவிலக்கு

திருவிதாங்கூர் அரசு 1916-இல் (கொல்லம் ஆண்டு 1092) கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுவே மகளுக்கு. ஸ்ரீதனம் கொடுத்தாயிற்று என்றால் அதுவும் கிடையாது. விதவைக்கு நிலத்தில் ஆயுள்வரை அனுபவம் மட்டும்.

அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவு ஒரு விலக்கு அளித்தது. லத்தீன் கத்தோலிக்கரிலும், கருநாகப்பள்ளி, கொல்லம், சிறயின்கீழ், திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை முதலிய தாலுகாக்களில் வாழும் ‘சில’ புராட்டஸ்டண்டுகளிலும், ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கம் உள்ளவர்களுக்கு இந்த விதிகள் செல்லாது. இன்றைய கேரள எல்லையோரத்துப் பாறசாலை இருப்பது நெய்யாற்றின்கரைத் தாலுகாவில். கிறிஸ்தவ மகளுக்குத் திருவிதாங்கூர்ச் சட்டம் சமபங்கு தராத காலத்தில் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சில அப்படிக் கொடுத்துவந்தன என்பதற்கு அரசாங்கமே எழுதிவைத்த சாட்சி அது. சட்டத்துக்கு முன் கிறிஸ்தவர்களின் வழக்கங்களை விசாரிக்க அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1912-இல் அச்சானது.

ஆனால் அந்தச் ‘சிலர்’ யார்? சட்டம் பெயர் சொல்லவில்லை. பங்கு கேட்ட மகள்தான் தன் வீட்டு வழக்கத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது.

1956 நவம்பர் 1 அன்று பக்கத்துத் தாலுகாவான விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் எல்லை விழுந்தாலும், மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் 119-ஆம் பிரிவுப்படி பழைய சட்டங்கள் அந்தந்த மண்ணிலேயே தொடர்ந்தன. இந்தியச் சட்டங்கள் இந்தப் பகுதிக்கும் நீட்டிக்கப்பட்ட 1951-லேயே திருவிதாங்கூர்ச் சட்டம் காலாவதியானதா இல்லையா என்பதில் சென்னை உயர்நீதிமன்றத்துக்குள்ளேயே கருத்து இரண்டுபட்டது. சமபங்கு கேட்டு மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: 1951 ஏப்ரல் 1 முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும், மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு.

மேரி ராயின் பெயர் சட்ட வகுப்புகளில் ஒலிக்கிறது, ஒலிக்கவும் வேண்டும். 30-ஆம் பிரிவுக்கும் அங்கே ஓர் இடம் வேண்டும். அதற்கான ஆய்வை இந்தத் தாலுகாவிலேயே தொடங்கலாம். பாறசாலை செறுவாரக்கோணத்தில் இன்று சி.எஸ்.ஐ. சட்டக் கல்லூரி இருக்கிறது. 1969-இல் தொடங்கிய இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் போன்ற அமைப்புகள் ஆய்வுக்கு நிதி தருகின்றன. அந்தக் கல்லூரியின் ஆசிரியரோ மாணவியோ ஒரு சிறு நிதிக்கு விண்ணப்பித்தால் கேள்வி ஒன்றே போதும்: 1916-க்கும் 1951-க்கும் இடையே இந்தத் தாலுகாவின் பாகப்பத்திரங்களில் மகள்களுக்கு எவ்வளவு எழுதப்பட்டது? ‘இந்தியாவில் பெண்களின் சொத்துரிமை’ என்று அகலமாக எழுதும் விண்ணப்பத்தைவிட இது பல மடங்கு வலுவானது. செலவும் பெரிதல்ல: சார்பதிவாளர் அலுவலக நகல் கட்டணம், எல்லையின் இரு பக்கமும் போய்வரப் பேருந்துக் காசு, பழைய மலையாள, தமிழ்க் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம். விண்ணப்பத்தின் கால அட்டவணையில் முதல் மாதங்களை நேர்காணலுக்கே ஒதுக்க வேண்டும். 1951-க்கு முந்தைய பாகப்பிரிவினையைக் கண்ணால் கண்டவர்களுக்கு இன்று எண்பது வயது தாண்டிவிட்டது. பத்திரங்கள் இன்னும் சில காலம் பொறுக்கும்.