“வெளியில வாங்கிக்கங்க”: ஒரு மருந்துத் துண்டின் பின்னாலுள்ள வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

2022இல் நம் வீடுகளில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் கியூ, காஸ் கியூ, பால்மா கியூ. அவற்றைப் பற்றி அப்போதும் பேசினோம், இப்போதும் பேசுகிறோம். மருந்துக்குப் பெரிய கியூ இருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ அதைப் பற்றிக் குறைவாகவே பேசினோம். அந்த வருசம் கிளினிக் கொப்பியோடு போன எங்கள் உம்மாவுக்கு மூன்று வகைக் குளிசையில் ஒன்றுதான் கிடைத்தது. மற்ற இரண்டையும் ஒரு சின்னத் துண்டில் எழுதி, “வெளியில வாங்கிக்கங்க” என்று தந்தார்கள்.

துண்டைக் கொண்டு பாமசிக்குப் போனோம். ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டோம். விலையைக் கேட்டதும், “பத்து நாளைக்குத் தாங்க” என்றோம். கத்தரியால் வெட்டித் தந்தார்கள். வெட்டின கார்டில் மருந்தின் பெயரில் கடைசி மூன்று எழுத்தும் காலாவதித் திகதியில் பாதியும்தான் மிஞ்சியிருந்தன. பக்கத்தில் நின்ற மீன்பிடித் தொழிலாளி ஒருவர் ஐந்து நாளைக்குக் கேட்டார். நாங்கள் மாதச் சம்பளக்காரர், எப்படியோ சமாளித்தோம். ஆனாலும் சீனிக் குளிசையை உம்மா ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குடித்து வந்தார் என்பது இரண்டு மாதத்துக்குப் பிறகே எங்களுக்குத் தெரியவந்தது. பிள்ளைகளுக்குச் செலவாகுதே என்று நினைத்தாராம்.

மருந்து மனிதனின் உரிமையா, கடைச் சரக்கா என்று கேட்டால் நம்மில் பெரும்பாலானோர் உரிமை என்றுதான் சொல்வோம். ஆஸ்பத்திரி இலவசம்தானே? ஆனால் அந்த உரிமை எதில் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சுகாதாரம் ஓர் உரிமையாகச் சொல்லப்படவில்லை. அரச கொள்கைக்கான வழிகாட்டிக் கோட்பாடுகளில் போதிய உணவு, உடை, வீடு என்று வருகிறது, மருந்து என்று வரவில்லை. வந்திருந்தாலும் அந்தக் கோட்பாடுகளை வைத்து வழக்குப் போட முடியாது. 1980இல் இலங்கை இணைந்துகொண்ட பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை சுகாதாரத்தை உரிமை என்கிறது. அதை பாமசிக் கவுன்டரில் காட்டினால் என்ன கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, சந்தைப் பொருள் என்றே வைத்துக்கொள்வோம். மருதமுனையில் சாரன் வாங்கும்போது துணியை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்க்கிறோம். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். விலை கூடினால் “நாளைக்குப் பார்ப்போம்” என்று நடந்துவிடுகிறோம், பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். குளிசையில் எதைத் தேய்த்துப் பார்ப்பது? எந்த மருந்து என்று தீர்மானிப்பவர் டொக்டர், விலை போடுபவர் கொம்பனிக்காரர், காசு கட்டுவதும் குடிப்பதும் மட்டும்தான் நாங்கள். “நாளைக்குப் பார்ப்போம்” என்று நோயாளியால் நடந்துவிடவும் ஏலாது. வாங்குபவருக்கு இல்லையென்று சொல்லும் சக்தி இல்லாத இடத்துக்குச் சந்தை என்று பெயர் வைப்பதே பிழை என்பது எங்கள் எண்ணம்.

இதை எங்களைவிட ஐம்பது வருசத்துக்கு முன்பே யோசித்த ஒருவர் இந்த நாட்டில் இருந்தார்.

செங்கலடியால் பதுளைக்குப் போகிறவர்களுக்கு வழியில் பிபில என்ற ஊர் தெரிந்திருக்கும். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய குடும்பத்தில் 1920இல் பிறந்தவர் சேனக பிபிலே. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியல் பேராசிரியர், பிறகு பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதி, லங்கா சமசமாஜக் கட்சிக்காரர். வெட்கத்தோடு சொல்கிறோம், இத்தனை வருசம் வரலாறு படிப்பித்தும் ஒரு வகுப்பிலும் அவர் பெயரை நாங்கள் சொன்னதில்லை. எங்களுக்கே தெரிந்தால்தானே!

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் வந்தபோது கையில் டொலர் இல்லை. 2022 போலத்தான். அப்போது பிபிலேயும், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் மருத்துவருமான எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் சேர்ந்து 1971இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதற்கு அடிப்படையாக இருந்த கேள்வி எளிமையானது: நாம் வாங்குவது மருந்தையா, பெயரையா?

இதை விளங்கிக்கொள்ள பெனடோலை எடுத்துக்கொள்ளுங்கள். பெனடோல் என்பது கொம்பனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்து பரசிட்டமோல். அதே பரசிட்டமோலை வேறு கொம்பனிகள் வேறு வேறு பெயரில், வேறு வேறு விலையில் விற்கலாம். அந்தக் காலத்தில் இலங்கைச் சந்தையில் ஏறத்தாழ 2,100 வகை மருந்துகள் இருந்தன. பெரும்பகுதி ஒன்றையே திரும்பச் சொல்லும் பெயர்கள், அல்லது தேவையில்லாத கலவைகள். நிபுணர் குழு உட்கார்ந்து வடிகட்டியபோது நாட்டுக்கு உண்மையில் தேவைப்பட்டவை சுமார் 600தான்.

1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. பிபிலேதான் முதல் தலைவர். 1972இலிருந்து படிப்படியாக நாட்டின் மருந்து இறக்குமதி முழுவதும் அதன் கைக்கு வந்தது. முறை இதுதான்: மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லி உலகம் முழுவதற்கும் டெண்டர் கோருவது, தரச் சான்று கேட்பது, முழு நாட்டுக்கும் ஒரேயடியாக வாங்குவது. நூறு பேர் தனித்தனியாக ஒவ்வொரு கிலோ அரிசி வாங்குவதற்கும், ஊரே சேர்ந்து மில்லில் மூடை மூடையாக எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அதுவரை பழைய கொம்பனிகளிடம் கொடுத்துவந்த விலையும் டெண்டரில் வந்த விலையும் சில மருந்துகளில் பல மடங்கு வேறுபட்டன. மக்கள் ஒசுசல என்று சொல்லும் கடைகள் இந்தக் கூட்டுத்தாபனத்துடையவைதான்.

கொம்பனிகள் சும்மா இருக்கவில்லை. மலிவு மருந்து தரமில்லை என்ற பிரசாரம் டொக்டர்மார் வழியாகவும் வந்தது. 1974இல் கொலரா பரவியபோது நடந்ததை ஒக்ஸ்போர்ட் பொருளியலாளர் சஞ்சய லாலும் பிபிலேயும் 1977இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை விவரிக்கிறது. டெட்ராசைக்கிளின் கெப்சூல் அவசரமாகத் தேவை. மூலப்பொருள் கூட்டுத்தாபனத்திடம் இருக்கிறது. கெப்சூல் ஆக்கும் வசதி இங்கே தொழிற்சாலை வைத்திருந்த பைசர் கொம்பனியிடம் இருக்கிறது. ஆனால் கொம்பனி அந்த மூலப்பொருளைப் பயன்படுத்த இணங்கவில்லை. கடைசியில் கூடிய விலை கொடுத்து விமானத்தில் கெப்சூல் இறக்கவேண்டி வந்தது. தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் பேச்சு எழுந்தபோது அமெரிக்கத் தூதுவரே பிரதமரிடம் தலையிட்டாராம். கொலராவில் கிடந்தவனின் உயிர் மூன்று அலுவலகங்களுக்கிடையில் அங்குமிங்கும் போய்வந்திருக்கிறது.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. மருந்து இறக்குமதியும் தனியாருக்குத் திறந்தது, பெயர்களும் திரும்ப வந்தன. கூட்டுத்தாபனத்தை மூடவில்லை, ஆனால் முழு இறக்குமதியும் அதன் கையில் இருந்த நிலை முடிந்தது. அதே வருசம் செப்டம்பர் 29ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்காகப் போயிருந்த கயானாவில் பிபிலே மாரடைப்பால் இறந்தார். அவருக்கு 57 வயது. உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதலாவது பட்டியலை வெளியிட்டதும் அந்த 1977இல்தான். 1982இல் பங்களாதேஷ் தனது மருந்துக் கொள்கையைக் கொண்டுவந்து தேவையற்ற மருந்துகளை ஆயிரக்கணக்கில் தள்ளியது. நாம் கைவிட்டதை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இது இடதுசாரிகளின் கதை, நமக்கென்ன என்று ஒதுக்கிவிடும் சகோதரர்களும் இருப்பார்கள். கி.பி. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய ஆஸ்பத்திரியை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். ஏழை, பணக்காரன் என்று பாராமல் சிகிச்சையும் மருந்தும் உணவும் கொடுப்பதற்கென்றே சொத்துகள் வக்பு செய்யப்பட்டிருந்தன. மருந்து இலவசம் என்று அறிவித்துவிட்டு அவர்கள் நிற்கவில்லை. அதை வாங்கும் காசு ஒவ்வொரு வருசமும் எங்கிருந்து வரும் என்பதையும் எழுதி வைத்தார்கள். எங்கள் சட்டப் புத்தகத்தில் இல்லாதது இந்த இரண்டாவது பகுதிதான்.

பிபிலேயின் வழிக்கு நாடு திரும்பி வர நீண்ட காலம் எடுத்தது. 2005இல் தேசிய மருந்துக் கொள்கைக்கு அமைச்சரவை அனுமதி, 2015இல் 5ஆம் இலக்கச் சட்டம், அதன் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டபோது நம் பாமசிகளிலும் விலை இறங்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

பிறகு 2022. மார்ச்சில் மருந்து விலை 29 வீதம் கூட்டப்பட்டது. ஏப்ரல் முடிவில் 60 மருந்துகளுக்கு இன்னும் 40 வீதம். பேராதனை போதனா வைத்தியசாலை மருந்தில்லாமல் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியதும் அந்த மார்ச்சில்தான். நம் மருந்துகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இறக்குமதி, எனவே டொலர் ஏறினால் விலை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் 1971இல் டொலர் இல்லாதபோது எது தேவை, யாரிடம் வாங்கலாம் என்று கேட்டு ஒரு கொள்கையையே உருவாக்கினார்கள். 2022இல் விலையைக் கூட்டினோம், இந்தியக் கடனுக்கும் நன்கொடைக்கும் கை நீட்டினோம். இரண்டு தட்டுப்பாடுகளுக்கும் இடையிலான அந்த வித்தியாசம்தான் எங்களை இதை எழுத வைத்தது.

அரசாங்கம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாங்கள் சொல்லவரவில்லை. 2023இல் அரச ஆஸ்பத்திரிகளுக்கு வந்த தரமற்ற இமியுனோகுளோபியூலின் விவகாரத்தில், சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டார். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அவசரக் கொள்வனவு என்ற வாசலைத் திறந்தால் அந்த வாசலால் என்ன என்ன நுழையும் என்பதற்கு இது போதும். பிபிலேயின் முறையில் டெண்டரும் தரச் சோதனையும் பிரிக்க முடியாத இரண்டு கைகள். ஒன்றை வெட்டிவிட்டு மற்றதை வைத்துக்கொண்டு “அரச மருந்து வேலை செய்யாது” என்று சொல்வது நியாயமில்லை.

2015 சட்டப்படி துண்டில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கவேண்டும். டொக்டர் விரும்பினால் வணிகப் பெயரையும் சேர்த்து எழுதலாம். சென்ற மாதம் உம்மாவுக்கு ஒரு குளிசை மறுபடியும் வெளியில் எழுதப்பட்டது. இந்த முறை துண்டை நீட்டிவிட்டுச் சும்மா நிற்கவில்லை. “இதே மருந்து வேற பேர்ல இருக்கா, விலை என்ன?” என்று கேட்டோம். கவுன்டரில் நின்ற தம்பி எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். மூன்றிலும் ஒரே பொதுப்பெயர், ஒரே மில்லிகிராம், மூன்று விலை. மூன்றும் அதிகாரசபையில் பதியப்பட்டவையா என்று கேட்டுவிட்டு, விலை குறைந்ததில் ஒரு மாதத்துக்கு முழுசாக வாங்கினோம். கார்டை வெட்டவேண்டி வரவில்லை.